ஆக்குமிடமும் இயங்குமிடமும்
உட்பொதிந்த கணினிகளுக்கான அமைவுக் கோப்புகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்றே வழங்குவர். அப்புத்தளைக்கு அண்மையில் தோமஸ் லிப்டன் 1890இல் நிறுவிய தம்பேதன்னத் தொழிற்சாலை இவற்றுட் பெயர்பெற்றது. இத்தகைய தொழிற்சாலைகளின் பழைய பொறிகளுட் பெரும்பாலானவை பிரித்தானியாவிலிருந்து வந்தவை. கச்சாரில் தேயிலைத் தோட்டக்காரராக விளங்கிய சாமுவேல் டேவிட்சன் என்பார் 1881இல் பெல்பாஸ்ட் நகரிலே ஓர் ஆலையை நிறுவினார். அங்கு ஆக்கப்பெற்ற ‘சிரொக்கோ’ உலர்த்திகள் இலங்கைக்கும் வந்தன. அவற்றை வார்த்த தொழிலாளர் ஊவாவின் மலைகளைக் கண்டவரல்லர்; ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்றையும் அறிந்தவரல்லர். ஆக்குமிடம் ஒன்று, இயங்குமிடம் வேறொன்று. பொறியை இவ்விடத்துக்கு இணங்க வைத்தது ‘டீமேக்க’ரின் கைப்பழக்கமே. அக்கைப்பழக்கமோ பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை.

இதே சிக்கலைக் கணினியுலகமும் எதிர்கொண்டது. அது அதனை எவ்வாறு எழுத்திற் கொண்டுவந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசினுள்ளும் ஒரு சிறு கணினி உண்டு. ஒரு தொழிலை மட்டும் செய்யுமாறு கருவியொன்றினுள் அடக்கப்பட்ட இத்தகையவற்றை உட்பொதிந்த கணினிகள் என்பர். மனிதர் எழுதும் நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றுவது தொகுப்பான். அதனை இயக்கப் போதிய நினைவகம் தராசுக்கு இல்லை. ஆதலின் நிரல் மேசைக் கணினியில் தொகுக்கப்பட்டுத் தராசிற் பதிக்கப்படுகின்றது. இதுவே குறுக்குத் தொகுப்பு. எந்தத் தொகுப்பான், எந்தச் செயலி, எவ்வளவு நினைவகம், எந்தெந்த உறுப்புகள் என்பவற்றைக் குறித்துவைக்கும் ஏடே அமைவுக் கோப்பு.

இம்முறை புதியதன்று. 1975இல் ‘அல்டேர்’ என்னும் சிறுகணினிக்குரிய பேசிக் மொழியைப் பில் கேட்சும் போல் அலனும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பெருங்கணினியிலேயே ஆக்கினர். இலக்குப் பொறி அப்போது அவர்கள் கையில் இருக்கவில்லை. அதனைப் போல நடிக்கும் நிரலொன்றை அலன் எழுதினார். மறு ஆண்டில், பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்னும் கருவியை உருவாக்கினார். எக்கோப்பு எதனைச் சார்ந்தது, எக்கட்டளையால் ஆவது என்பன அதன்வழி எழுத்தில் அமைந்தன. ஆயினும், ஒவ்வொரு பொறிக்கும் அக்கோப்பைக் கையால் திருத்தும் தொல்லை நீடித்தது.

1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ‘ஓட்டோகொன்ஃப்’ பொறியின் இயல்புகளைத் தானே சோதித்தறிய முற்பட்டது. ஈண்டு ஒரு நுட்பமான இடர் எழுந்தது. சோதனை நிரலை ஆக்கு பொறியில் ஓட்டி, முழுவெண்ணின் அளவு யாது என வினவினால், கிடைக்கும் விடை ஆக்கு பொறிக்கே உரியது. இலக்குப் பொறிக்கு அது பொய்யாகலாம். இது பற்றியே, ஆக்கும் பொறி, இயக்கும் பொறி, ஆக்கப்படுவது தானும் ஒரு தொகுப்பானாயின் அது எப்பொறிக்காகத் தொகுக்கும் என மூன்றையும் வெவ்வேறு பெயரிட்டுக் குறிக்கும் மரபு நிலைபெற்றது. வேறானவற்றுக்கு வேறு பெயர் வைத்தமையே முதற் பெரும் முன்னேற்றம் எனலாம்.

இரண்டாம் இடர் பெருக்கத்தால் விளைந்தது. லினக்ஸ் கருவில் 2002இல் புதிய அமைவு மொழியொன்று புகுத்தப்பட்டது. கைத்தொலைபேசி முதலிய கருவிகளில் பரவிய ஆர்ம் செயலிகளுக்கோ பலகைக்கொரு கோப்பாக அமைவுகள் பெருகின. ஒவ்வொருவரும் முன்னவரின் கோப்பை முழுமையாகப் படியெடுத்துச் சில வரிகளை மட்டும் மாற்றினர். இயல்பான தெரிவு எது, அப்பலகைக்கே உரிய தெரிவு எது என்பது ஆயிரக்கணக்கான வரிகளுள் மறைந்தது. 2010இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். இயல்பிலிருந்து வேறுபடுவனவற்றை மட்டும் எழுதுவது என்னும் முறை அதன்பின் கைக்கொள்ளப்பட, ஏறத்தாழ 2 இலட்சம் வரிகள் நீக்கப்பட்டன. 2011 முதல், பலகையின் உறுப்புகளை நிரலினின்றும் பிரித்துத் தனிக்கோப்பில் விவரிக்கும் ‘கருவி மரம்’ ஆர்ம் பலகைகளிலும் பரவலாயிற்று.

தோட்டத்து வழக்கொன்று இதனை விளக்கும். தேயிலை நிலத்தின் பகுதிகளை ‘மலை’ என்பர். மலைக்கு மலை இலக்கம் உண்டு. கவ்வாத்து வெட்டும் முறை தோட்டம் முழுமைக்கும் பொதுவாகலாம். அது வெட்டப்படும் ஆண்டு மலைக்கு மலை வேறுபடும். பொதுவிதியை ஒவ்வொரு மலையின் ஏட்டிலும் திரும்ப எழுதினால், விதி மாறும் நாளில் ஓர் ஏடு திருத்தப்படும்; மற்றொன்று தவறிவிடும். பொதுவானது ஓரிடத்திலும் சிறப்பானது அதனதன் இடத்திலும் இருத்தல் வேண்டும். 2003இல் தோன்றிய ‘ஓப்பன்எம்பெடட்’, 2010இல் லினக்ஸ் நிறுவகம் அறிவித்த ‘யொக்டோ’ ஆகியவற்றின் அடுக்கமைப்பு இக்கொள்கையின் விரிவே. அங்கே பொறியின் விவரம், முறைமையின் பொதுக் கொள்கை, ஒவ்வொரு மென்பொருளையும் ஆக்கும் செய்முறை என்பன தனித்தனிக் கோப்புகளாம்.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் உருவான ‘சக்தி’ செயலிக் குடும்பத்துச் சில்லொன்றில் 2018இல் லினக்ஸ் இயங்கியது. அதன் மென்பொருள் உருவாக்கத் தொகுதியில் ‘பினாகா’, ‘பரசு’, ‘வஜ்ரா’ என்னும் இலக்குகள் உள்ளன. முன்னவை இரண்டும் 32 பிட். பின்னது 64 பிட். உறுப்புகளை இயக்கும் பொதுநிரல்கள் ஓரிடத்திலும், அவ்வவ் இலக்கின் நினைவக முகவரிகள் அதனதன் கோப்புறையிலும் வைக்கப்பட்டுள்ளன. மாணவர் கட்டளையில் இலக்கின் பெயரைச் சுட்டினாற் போதும்; அதற்குரிய தொகுப்புத் தெரிவுகள் தாமே பொருந்திக்கொள்ளும்.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது யாது? தேயிலை மலைகள் சூழ்ந்த பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்கும் பிறவிடத்தும் கற்கும் மாணவர், வாட்டுதளத்தின் ஈரப்பதன் அளக்கும் கருவியொன்றை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஆக்கக்கூடும். தொகுப்பான் இருக்கும் இடம் அம்மாணவரின் சொந்தக் கணினியின் முகவரியாகக் கோப்பில் எழுதப்பட்டிருப்பின், அவர் பட்டம்பெற்று வெளியேறும் நாளில் கருவியும் அநாதையாகும். தொகுப்பானின் பதிப்பெண் குறிக்கப்படாவிடின், அதே நிரல் ஐந்தாண்டு கழித்து வேறு விளைவு தரவுங்கூடும். ஆக்கு பொறிக்குரியதைத் தனியே வைத்தல், இலக்குக்குரியதை இலக்கின் பெயரால் வைத்தல், பொதுவானதை ஒருமுறையே எழுதுதல், கோப்புகள் அனைத்தையும் நிரலோடு சேர்த்துப் பேணுதல் என்னும் நான்கும் இவ்வகையிற் போற்றற்பாலன.

எழுத்தில் இல்லாத உண்மை சான்றாகாது என்பதை மலையகத்தார்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கு ஆவணம் கேட்டபோது, இம்மண்ணிலே உழைத்த பல்லாயிரவர் காட்ட ஏடின்றி நின்றனர். அத்துயரோடு ஒரு கணினிக் கோப்பை ஒப்பிடுதல் தகாது. எனினும், நாம் ஆக்குவன நமக்குப் பின்னும் இயங்க வேண்டுமாயின், அவை எங்கு, எதனால், எதற்காக ஆக்கப்பட்டன என்பதை நாமே எழுதிவைத்தல் கடன். அன்றைய டீமேக்கரின் கைப்பழக்கம் அவரோடு போயிற்று. நம்முடையது அவ்வாறு போகவேண்டியதில்லை.