கண்ணிழந்தவர் பரிசோதித்த மண்

சாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மேற்பரப்பைப் பற்றியே பேசுகிறார்கள்; கல் பெயர்ந்தது, தார் இளகியது, குழி விழுந்தது என்று குறைகூறுவார்களேயன்றி, மாட்டுவண்டியானாலும் மோட்டார் லாரியானாலும் அதன் பாரம் முழுவதும் கடைசியில் போய் இறங்குவது அடியிலுள்ள மண்ணின்மேல்தான் என்பதை நினைப்பார் அரிது. அந்த மண் எவ்வளவு தாங்கும் என்பதைச் சாலை போடுமுன்பே நிர்ணயம் செய்வதற்கு இன்று ஆய்வுக்கூடங்களும் அளவுகருவிகளும் அட்டவணைகளும் உண்டு. இவையெல்லாம் ஏற்படுவதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பிரதேசத்தில், அந்த வித்தையில் தலைசிறந்து விளங்கியவர் ஆறு வயதிலேயே பெரியம்மையால் இரு கண்களையும் இழந்த ஒருவர் என்பது விசித்திரமான சரித்திரம்.

ஜான் மெட்காஃப் 1717-ஆம் ஆண்டில் நேர்ஸ்பரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பார்வை போன பின்னரும் அவர் வீட்டோடு முடங்கிக் கிடக்கவில்லை. பிடில் வாசித்தார், குதிரை ஏறினார், நீந்தினார், குதிரை வியாபாரமும் மீன் வியாபாரமும் செய்தார், இருட்டில் வழி தெரியாத பிரயாணிகளுக்கு வழிகாட்டியாகவும் சென்றார். 1741-இல் லண்டனிலிருந்து ஹாரோகேட்டுக்குத் திரும்பும்போது, தம்முடைய வண்டியில் இடம் தருவதாகச் சொன்ன ஒரு கர்னலிடம், நடந்தே முந்திவிடுவதாகக் கூறி, சுமார் 200 மைல் தூரத்தை நடந்து, சொன்னபடியே அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தாராம். அவருடைய கால்வலிமைக்கு மட்டுமல்ல, அக்காலத்துச் சாலைகள் இருந்த லட்சணத்துக்கும் இது ஒரு சாட்சி.

அந்த நாளில் சாலைகளைச் செப்பனிடும் கடமை அந்தந்தக் கிராமத்தாரின் கூலியில்லாத உழைப்பையே நம்பியிருந்தது. வியாபாரமும் வண்டிப் போக்குவரத்தும் பெருகப் பெருக அந்த ஏற்பாடு போதாமற்போகவே, சுங்கம் வசூலித்து அந்தப் பணத்தைக்கொண்டு சாலை போடும் தர்மகர்த்தா சபைகளைப் பார்லிமெண்டு தனித்தனிச் சட்டங்களால் நிறுவியது. 1765-இல் ஹாரோகேட்டுக்கும் பரோபிரிட்ஜுக்கும் இடையே அப்படியொரு சாலைக்குச் சட்டம் பிறந்தபோது, அதில் 3 மைல் பகுதியைக் காண்டிராக்டாக எடுத்துக்கொள்ள முன்வந்தார் மெட்காஃப். அதற்குமுன் அவர் சாலை போட்டவரல்லர். ஆயினும் வேலை செம்மையாக முடிந்தது. அதன்பிறகு அவர் ஆயுளில் போட்ட சாலைகளின் நீளம் 180 மைலுக்குக் குறையாது என்பர்.

புதிய சாலை செல்ல வேண்டிய நிலத்தை அவர் தனியே, நீண்ட கைத்தடி ஒன்றுடன், மேடும் பள்ளமுமாகச் சுற்றித் திரிந்து ஆராய்வார். தடி எவ்வளவு இறங்குகிறது, காலடியில் தரை நெகிழ்கிறதா, எந்த இடத்தில் ஈரம் கசிகிறது என்பவை எல்லாம் ஸ்பரிசத்தாலேயே அவருக்குப் புலப்பட்டன. நேர்ஸ்பரோவிலிருந்து ஹாரோகேட் போகும் வழியில், புல் மூடிக் கிடந்த ஒரு தரையின்மேல் நடக்கையில், இவ்விடம் அக்கம்பக்கத்து நிலத்தைப்போல இல்லை என்று கூறித் தோண்டச் சொன்னார். சில அடி ஆழத்தில் ரோமானியர் காலத்துக் கல்பாதை ஒன்று அகப்பட்டது. அந்தக் கற்கள் புதிய சாலைக்கே உதவின.

ஆனால் அவருடைய புகழுக்கு நிலையான காரணம் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கத்துச் சதுப்புதான். அங்கே சாலை ஓர் உளைநிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. சேற்றையெல்லாம் வெட்டியெடுத்துக் கெட்டித் தரை காணும்வரை போக வேண்டும் என்பது சாலைச் சபையாரின் அபிப்பிராயம். அப்படிப் பள்ளம் பறித்தால் சுற்றியுள்ள நீரெல்லாம் அதற்குள் வந்து நிற்குமே தவிர வேலை முடியாது என்றார் மெட்காஃப். தம் முறை தவறினால் தம் சொந்தச் செலவிலேயே அவர்கள் முறைப்படி திருப்பிச் செய்து தருவதாகவும் ஒப்புக்கொண்டார். அந்த மேட்டு நிலங்களில் காடாக வளரும் ஹெதர் என்னும் குறுஞ்செடியை அறுத்துக் கட்டுக்கட்டாகக் கட்டி, சாலையின் போக்கிலே ஒரு வரிசையும் அதற்குக் குறுக்கே மற்றொரு வரிசையுமாகப் பரப்பி அழுத்தி, அதன்மேல் கல்லையும் சரளையையும் கொட்டச் செய்தார். பார்த்தவர்கள் நகைத்தார்கள், சாலை நின்றது. அந்தப் பகுதிக்கு ஏறக்குறைய 12 ஆண்டுகள் பழுதுபார்க்கும் வேலையே ஏற்படவில்லையென்று அவருடைய சரித்திரம் கூறுகிறது.

இதன் தத்துவம் எளிது. சேற்றில் பலகை போட்டு நடப்பவன் அமிழாதிருப்பது எதனாலோ அதனால்தான் அந்தச் சாலையும் அமிழவில்லை: செடிப்படுக்கை சக்கரத்தின் பாரத்தை ஒரு புள்ளியில் இறங்கவிடாமல் பரந்த நிலத்துக்குப் பகிர்ந்து கொடுத்தது. ஆனால் எந்தச் சேற்றுக்கு எவ்வளவு கனம், எந்தத் தரைக்கு எவ்வளவு கல் என்ற கணக்கை அவர் மனத்துக்குள்ளேயே போட்டார். மான்செஸ்டரில் பியூ என்ற மருத்துவர் பார்வையின்மையைப்பற்றி எழுதிய கட்டுரையில், மெட்காஃபின் திட்டங்களும் மதிப்பீடுகளும் அவருக்கே உரிய ஒரு முறையில் அமைந்தவை என்றும், அம்முறையைப் பிறருக்கு விளங்கவைக்க அவரால் இயலவில்லை என்றும் குறித்திருக்கிறார். வித்தை அவர் விரல்நுனியிலும் உள்ளங்காலிலும் இருந்தது. 1810-இல் அவரோடு அதுவும் மறைந்தது.

அவருக்குப் பின்வந்த சாலை நிபுணர்கள் இருவரில், டெல்ஃபோர்டு கனத்த கற்களைக் கையால் அடுக்கி அஸ்திவாரம் போட்டார். மக்காடமோ, பாரத்தைத் தாங்குவது இயற்கை மண்ணே, அதை நீர் புகாமல் உலர்ந்திருக்கச் செய்தால் போதும் என்ற சித்தாந்தத்தை நிலைநாட்டினார். 1819-இல் பார்லிமெண்டுக் கமிட்டி விசாரித்தபோது, கெட்டித் தரையைவிட மெத்தென்ற தரையையே தாம் விரும்புவதாகவும், ஒரு மனிதன் மேலே நடக்க முடியாத அளவுக்கு உளையாக இராவிட்டால் போதும் என்றும் அவர் சொன்னார். ஆகவே அந்த மகா நிபுணரிடத்திலும் மண்ணைச் சோதிக்கும் கருவி மனிதனுடைய கால்தான்!

மண்ணுக்கு எண் கொடுத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் தோன்றினார்கள். ஸ்வீடன் தேசத்து ரசாயனியான அட்டர்பர்க், விவசாயத்தை உத்தேசித்து, களிமண் எவ்வளவு ஈரத்தில் குழம்பாகிறது, எவ்வளவு ஈரத்தில் நூலாக உருட்டினால் உதிர்ந்துபோகிறது என்று 1911-இல் வரையறுத்தார். அந்த எல்லைகளையே பிறகு சாலைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். லாரிகளின் பாரம் அமெரிக்கச் சாலைகளை நொறுக்கத் தொடங்கியபோது, கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை இலாகாவில் போர்ட்டர் என்பவர் 1920-களின் இறுதியில் ஒரு சோதனையை வகுத்தார். மண்ணை அச்சில் இட்டு இறுக்கி, 4 நாள் நீரில் ஊறவைத்து, 3 சதுர அங்குலப் பரப்புள்ள ஓர் இரும்பு உருளையை அதற்குள் மெதுவாக அழுத்தி, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இறங்க எவ்வளவு பாரம் வேண்டியிருக்கிறது என்று பார்த்து, அதை நல்ல உடைகல் தாங்கும் பாரத்தோடு சதவீதமாக ஒப்பிடுவது அச்சோதனை. 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து பிராக்டர், திமிசு போடும்போது மண்ணில் இருக்க வேண்டிய ஈரத்துக்கும் ஓர் அளவு உண்டு, அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் மண் இறுகாது என்று காட்டினார். எத்தனையோ தலைமுறைக் கூலியாட்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்ததுதான். ஆனால் அன்றுமுதல் அது காகிதத்தில் எழுதத்தக்கதாயிற்று.

போர்ட்டரின் சோதனை நுட்பமானதன்று என்று பண்டிதர்கள் சொல்வதுண்டு, அது உண்மையும்கூட. ஆனால் 1942-இல் அமெரிக்க ராணுவத்தின் பொறியியற்படை கனத்த விமானங்களுக்கு ஓடுதளம் அமைக்க வழி தேடியபோது அதையே தேர்ந்துகொண்டது; கருவி எளியது, முடிவு விரைவில் கிடைப்பது, புதிதாக வந்தவனுக்கும் சீக்கிரம் கற்றுக்கொடுக்கத்தக்கது. மெட்காஃபால் இயலாதது அந்தக் கடைசிக் காரியம்தானே?

அந்த 4 நாள் ஊறலின் அருமை கோயில்பட்டிச் சீமையின் கரிசலைக் கண்டவர்களுக்குத் தெரியும். கோடையில் பாறைபோல் இறுகி வெடித்துக் கிடக்கும் அதே மண், மழையில் ஊறிப் பருத்தபின் சோதித்தால் 2, 3 சதவீதத்துக்குமேல் தேறாததும் உண்டு. அதனால் செம்மண் சரளைத் தரையில் போதுமான கனம் கரிசலில் போதாது, சுண்ணாம்பு கலந்தோ மேலே சரளை பரப்பியோ மண்ணைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு குழி என்று மண் எடுப்பது வழக்கம். செம்மண்ணும் கரிசலும் சந்திக்கும் எல்லையோ மைல்கல்லைப் பார்த்து அமைவதில்லை. எந்தப் புஞ்சையில் கரிசல் தொடங்குகிறது, எந்த ஓடைக்கரையில் நீர் தேங்குகிறது என்பது அங்கே ஏர் பூட்டும் சம்சாரிக்குத் தெரியும். அவரிடம் கேட்டுக்கொண்டு குழியிடத்தை மாற்றும் இன்ஜினியர் அட்டவணைக்குத் துரோகம் செய்தவராகமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.