டுரோபோ

டுரோபோ என்பது பல வன்தட்டுகளை ஒரே பெட்டியில் ஏற்று, அவற்றைக் கணினிக்கு ஒரே பெரிய தட்டாகக் காட்டும் வெளிப்புறச் சேமிப்புக் கருவி ஆகும். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டேட்டா ரோபோடிக்சு நிறுவனம் இதனை 2007 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. முதற் கருவியில் நான்கு வன்தட்டுகளுக்கு இடமும் யூ.எசு.பி 2.0 இணைப்பும் இருந்தன.

வெவ்வேறு கொள்ளளவு கொண்ட வன்தட்டுகளைக் கலந்து பயன்படுத்த முடிந்தமையே இதன் சிறப்பு. வழமையான ரெய்டு 5 முறையில் ஒவ்வொரு தட்டும் மிகச் சிறிய தட்டின் அளவாகவே கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, 1, 1, 2, 2 டெராபைட்டு அளவுள்ள நான்கு தட்டுகளிலிருந்து ரெய்டு 5 முறையில் 3 டெராபைட்டு இடமே கிடைக்கும். டுரோபோவில் ஏறத்தாழ 4 டெராபைட்டு கிடைக்கும். ஒரு தட்டு பழுதடைந்தால் அதன் விளக்கு சிவப்பாக மின்னும். கருவியை நிறுத்தாமலே புதிய தட்டைச் செருகலாம், தரவு மீளமைக்கப்படும். இதற்குப் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். அதற்குள் இரண்டாவது தட்டும் பழுதடைந்தால் அனைத்தும் இழக்கப்படலாம்.

தரவு இந்நிறுவனத்துக்கே உரிய அமைப்பில் தட்டுகளெங்கும் பிரித்து எழுதப்படுகிறது. ஆகவே ஒரு தட்டைக் கழற்றி நேரடியாகக் கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படிக்க இயலாது. பெட்டி பழுதடைந்தால், நல்ல நிலையிலுள்ள தட்டுகளுக்கும் ஒத்தியங்கும் வேறொரு டுரோபோ தேவை. 2018 இல் டுரோபோவை வாங்கிய இசுட்டோர்சென்ட்ரிக் நிறுவனம் 2022 இல் திவால் பாதுகாப்புக் கோரியது. 2023 இல் அவ்வழக்கு சொத்துக் கலைப்பாக மாறியது. அதன்பின், பெட்டி பழுதடைந்தோர் பழைய கருவிகளைத் தேடி வாங்கவோ தரவு மீட்புச் சேவையை நாடவோ வேண்டியுள்ளது. தவறுதலாக அழித்தல், திருட்டு, தீ ஆகியவற்றிலிருந்து இக்கருவி காப்பதில்லை. அதற்குத் தனியான மறுபடி வேறிடத்தில் வைக்கப்பட வேண்டும்.