கந்தரோடை ஓடும் கலம் வனைந்தோரும்

கந்தரோடையில் 1970ஆம் ஆண்டு பென்சில்வேனியப் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையார் நிகழ்த்திய அகழ்விற் கிடைத்த மட்கல ஓடொன்றினை, அதிற் கீறப்பட்ட பிராமி எழுத்துக்கள் காரணமாக, யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆதிக்குடிகள் யாவர் என்னும் வினாவுக்கே விடையாக எடுத்தாள்வது அறிஞருள் ஒரு சாரார்க்கு வழக்கமாயிற்று. ‘ததஹபத’ என வாசிக்கப்பெறும் அத்தொடர் ‘தத்தனுடைய பாத்திரம்’ எனப் பொருள்படும் பிராகிருதமாதலின், கலத்துக்குரியவன் பௌத்தத் துறவி என்றும், அதனை வனைந்த குடிகளும் அம்மொழியினரே என்றும் அவர் கூறுவர். வாசிப்பை நான் மறுக்கவில்லை. அதன்மேல் எழுப்பிய அனுமானமே ஐயத்துக்குரியது.

ஆறாம் வேற்றுமைப் பொருளில் வரும் ‘ஹ’ என்னும் விகுதி இத்தீவின் பூர்வ சாசனங்களிற் பயின்று வருவது. ஆகவே அதனைத் தமிழ்த்தொடராக்க முயல்வது வீண்முயற்சியே. ஆயினும் ‘பத’ என்றவுடன் பிட்சாபாத்திரத்தை நினைப்பது, கந்தரோடையிலுள்ள பௌத்தச் சின்னங்கள் நம் மனத்திற் படிந்திருத்தலாலன்றிச் சொல்லின் இயல்பால் அன்று. குகைச் சாசனங்களிலே துறவியரைத் ‘தேர’ என்னும் அடைமொழியோடு குறித்தல் பெருவழக்காகவும், இவ்வோட்டிலோ அத்தகைய அடையாளம் ஏதுமில்லை. ஓடு சிதைந்தது என்பதையும் மறக்கலாகாது. இன்று நம் அடுக்களைகளிற் ‘பாத்திரம்’ என்று வாய்நிறையச் சொல்லும் பெண்டிரை, அச்சொல்லைக் கொண்டு வடமொழியாளர் என எவரும் துணியார்.

மேலும், இன்னாருடையது என்று கலத்திற் பொறிப்பவன் அதனை உடையவனேயன்றி வனைந்தவன் அல்லன். வனைந்தவன் விட்டுச்சென்ற சாட்சியம் வேறு. கந்தரோடையின் அடியடுக்குகளில் வெளிப்பட்டனவும், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த ஈமக்குழிகளிற் கிடைத்தனவும் கறுப்புச் சிவப்பு மட்கலங்களாம். கலத்தைக் கவிழ்த்துச் சுடுதலால், காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுக்க, அனலும் காற்றும் பட்ட புறம் சிவக்கும் என்பர். இக்கைவினை பொம்பரிப்பிலும், கடலுக்கப்பால் ஆதிச்சநல்லூரிலும் காணப்படுவது, அநுராதபுரத்திலும் உளது, ஆதலின் அதனை ஒரு மொழிக்கு மட்டும் உரிமையாக்கல் தகாது. ஆனால் அதனை ஆண்ட குயவர் பாக்குநீரிணையின் இருகரைக்கும் பொதுவான மரபில் நின்றவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்தம் கலத்திற் பிராகிருதம் எழுதப்பட்டமை அக்கரைக்கும் புதிதன்று, அரிக்கமேட்டு ஓடுகளில் தமிழும் பிராகிருதமும் ஒருங்கே உள.

எழுத்தின்றியும் கலங்கள் பேசும் என்பதற்குப் பெரு தேசத்து மோச்சே மக்கள் சான்று. அவர் எழுத்தறியாதார். அவர்தம் கலங்களிற் கோடுகளால் தீட்டிய பலிச்சடங்குக் காட்சிகளையே ஆய்வாளர் நூலெனப் பயின்றனர்; 1987இற் சிப்பானிலே கல்லறை திறக்கப்பட்டபோது, சித்திரத்திற் கண்ட அணிகலன்களையே பூண்ட தலைவன் பிரத்தியட்சமாயினான். எழுத்தில்லாக் குறை அவர்க்கு நன்மையாயிற்று போலும்! நமக்கோ ஆனைக்கோட்டை ஈமக்குழியிற் கிடைத்த, எழுத்துப் பொறித்த சிறு முத்திரையொன்று, அங்குச் சடலத்தின் அருகிருந்த கலங்களையெல்லாம் மறைத்துவிட்டது.

கலமும் வணிகச் சரக்காக வந்திருக்கலாமே என்பார்க்கு விடை நெடிதன்று: உருளையால் கோடிட்டு அணிசெய்த உருளைக்கோட்டு மட்கலங்களுக்கு அது பொருந்தும், அடுப்பிலும் ஈமக்குழியிலும் ஒருங்கே மலிந்த அன்றாடக் கலங்களுக்குப் பொருந்தாது. இனி அகழ்வோர் எழுத்தற்ற ஓடுகளையும் விளிம்பு, அடி, சுட்ட நிறம் ஆகியன தெரியப் படம் வரைந்து, மண்ணடுக்கின் எண்ணோடு அச்சிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன்.