முட்டைக்குள்ளே ஒரு மூச்சு

இன்குபேட்டர்னு பேச்செடுத்தாலே எல்லாரும் கேக்கறது சூட்டைப் பத்தித்தான். 37.5 டிகிரி வச்சாச்சா, அப்போ குஞ்சு வந்துடும்! ஆனா 1740-களில் பாரிஸில் ஒருத்தர் சூட்டைக் கையில் பிடிச்சு வச்சும் கருக்களைப் பறிகொடுத்தார். ஆள் லேசுப்பட்டவர் இல்லீங்க. ரெயோமூர். தன் பெயரிலேயே ஒரு தெர்மாமீட்டர் அளவு வச்சிருந்தவர் (உறைநிலை 0, கொதிநிலை 80).

அவருக்கு ஆசையைக் கிளப்பியது எகிப்தின் பொரிப்படுப்புகள். செங்கல் கட்டடம், நடுவில் ஒரு நடை, ரெண்டு பக்கமும் மாடியறைகள். கீழே ஆயிரக்கணக்கில் முட்டை, மேலே வறட்டி நெருப்பு. தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையைக் கண்ணிமையில் வச்சுப் பார்த்தே பதம் சொல்லிடுவாங்க. பிரமிடைவிட இதுக்குத்தான் எகிப்து பெருமைப்படணும் என்பது ரெயோமூர் கட்சி. என் ஓட்டும் அவருக்கே :-)

பாரிஸில் அவர் பிடிச்சது குதிரைச் சாண எருவை. எரு மக்கும்போது தானாவே சூடாகுமே! அதுக்குள்ளே மரப்பீப்பாயைப் புதைச்சு, உள்ளே முட்டைக் கூடை. சூடு வந்தது, கூடவே எருவின் ஆவியும் வந்தது. கருக்கள் செத்தன. பீப்பாயின் உட்புறம் சாந்து பூசி அந்த ஆவியைத் தடுத்தார், வழி பிறந்தது. 1749-ல் இதையெல்லாம் புத்தகமாவே போட்டார்.

எரு ஆவியில் ஈரம் தவிர வேற நச்சும் இருந்திருக்கும். ஆனா ஈரம் மட்டுமே போதும், குஞ்சைக் கொல்ல. கோழிமுட்டை ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள். அது வழியா 18 நாளில் முட்டை எடையில் சுமார் 12% நீராவியாப் போகணும். போன இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெருசாகும். குஞ்சு முதல் மூச்சு இழுக்கறது அந்தக் காற்றைத்தான். சுத்தி ஈரம் ஜாஸ்தின்னா நீர் வெளியே போகாது, அறை சின்னதாவே நின்னுடும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூழ்கும்.

அதுக்காக ஒரேயடியா காயவிட்டாலும் ஆபத்து. ஓடு உடைக்கிற நேரத்தில் சவ்வு தோல்மாதிரி இறுகி குஞ்சோட ஒட்டிக்கும். அதான் 18 நாள் வரை 50-55% ஈரப்பதம், கடைசி 3 நாள் 65-70% என்கிற கணக்கு.

என்னைக் கேட்டா, மலிவு ஈரமானியை நம்பறதுக்குத் தராசை நம்பலாம். 60 கிராம் முட்டை 18-ஆம் நாள் 53 கிராம் பக்கம் வந்திருக்கணும். 56-லேயே நின்னா, தண்ணித் தட்டை உடனே வெளியே எடுங்க.