ஒரு சண்டை, இரண்டு வழக்குகள்

வாய்க்கால் தண்ணீரைத் திருப்புவதில் இரு பங்காளிகளுக்குள் கைகலப்பு நேர்கிறது. இரு புறமும் மண்டை உடைகிறது. இரு சாராரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு விரைந்து, எதிர்த் தரப்பாரே முதலில் அடித்ததாக எழுதிவைக்கின்றனர். ஒரு சண்டையிலிருந்து இரண்டு வழக்குகள் பிறந்துவிட்டன. ஒன்றில் எதிரியாகக் கூண்டில் நிற்பவரே மற்றதில் சாட்சியாக ஏறுவார். வடநாட்டுக் கோர்ட்டுகளில் இவற்றைக் 'கிராஸ் கேஸ்' என்பர். நாம் எதிர் வழக்குகள் என்போம்.

இவற்றை எவ்வாறு விசாரிப்பது? 1898-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் இதுபற்றி வாய் திறக்கவில்லை. ஒன்று மாஜிஸ்டிரேட்டிடமும் மற்றது செஷன்ஸ் கோர்ட்டிலும் நடக்க இடமிருந்தது. ஒரு கோர்ட்டு நம்பிய சாட்சியை மற்றொன்று பொய்யரென்று தள்ளலாம். அதனினும் கொடியது ஒன்றுண்டு: தற்காப்புக்காகவே தடியெடுத்தவன், தன்னைத் தாக்கியோர் மீதுள்ள வழக்கு தொடங்குமுன்பே தண்டனை பெற்றுவிடலாம்.

இக்குறைக்கு வழி காட்டியோருள் சென்னை உயர்நீதி மன்றத்தார் முக்கியமானவர்கள். 1930-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளிவந்த தீர்ப்பொன்றில் நீதிபதி ஜாக்ஸன், தெளிவான சட்டம் இல்லாமை சட்டமன்றம் களையவேண்டிய குறை என்றார். ஒரே நீதிபதி இரு வழக்குகளையும் அடுத்தடுத்து விசாரிக்கவேண்டும், இரண்டும் முடியும்வரை எதிலும் தீர்ப்புக் கூறலாகாது என்பதே அங்கீகாரம் பெற்ற நெறி என்றும் எழுதினார்.

'சேர்த்து விசாரித்தல்' என்று நாம் சொல்வது உண்மையில் பொருந்தாது. எதிரியைச் சத்தியப் பிரமாணத்தின்மேல் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த இயலாது. ஆகவே இரு விசாரணைகளையும் ஒன்றாகக் கலத்தல் தகாது. நத்தி லால் வழக்கில் (1990) உச்சநீதி மன்றம் இதனை வரையறுத்தது: முதல் வழக்கில் வாதம் கேட்டுத் தீர்ப்பை ஒத்திவைத்து, இரண்டாவதையும் கேட்டபின் இரு தீர்ப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அளிக்கவேண்டும். ஒரு வழக்கின் சாட்சியத்தை மற்றதில் கையாளக்கூடாது. ஒரே மனிதர் இரு சாட்சியத்தையும் கேட்டு, ஒன்றைத் தீர்க்கையில் மற்றதை மறப்பது எளிதன்று! ஆயினும் இரு கோர்ட்டுகள் இரு உண்மைகளை அறிவிப்பதைவிட இது மேல்.

ஒரு வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கே உரியதாயின் மற்றதையும் அங்கே ஒப்படைக்கவேண்டுமென 2001-இல் சுதீர் வழக்கில் உச்சநீதி மன்றம் கூறியது.

1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையிலும் எதிர் வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவு இடம்பெறவில்லை. ஜாக்ஸன் சுட்டிய குறை அப்படியே நிற்கிறது. ஆகவே எதிர் வழக்கு உண்டென்பதைக் கட்சிக்காரரே தொடக்கத்தில் மனுவின் மூலம் கோர்ட்டுக்குத் தெரிவித்துக்கொள்வது நல்லது.