மலையுச்சியில் ஓர் உறைவிடப் பள்ளி: கொடைக்கானலும் தாய்மொழிக் கல்விக் கொள்கையும்

முன்னுரை

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அமைந்துள்ளது. ஹைக்ளெர்க் பள்ளி என்னும் பெயரில் 1901இல் அது தொடங்கப்பெற்றபோது பன்னாட்டுத் தன்மை எதனையும் கொண்டிருக்கவில்லை. தென்னிந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்தம் பிள்ளைகளுக்கென எழுந்த உறைவிடப் பள்ளியாகவே அது விளங்கிற்று. அப்பள்ளி அடைந்த மாற்றத்தை, அம்மறைப்பணியாளர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுத்த கல்விக் கொள்கையோடு ஒப்பிட்டு நோக்குவோம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுத்த கொள்கை

வீட்டைப் பிரிந்து பள்ளியில் தங்கிக் கற்கும் முறையை அமெரிக்க மறைப்பணியாளர் தமிழரிடையே முன்னரே நடைமுறைப்படுத்தியிருந்தனர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் நிறுவப்பெற்ற செமினரியும், 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாறிய செமினரியும் இதற்குச் சான்றுகளாகும். இவ்விரண்டும் ஒரே தலைமைச் சங்கத்தின்கீழ் இயங்கியவை. அச்சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1854, 1855ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட ஆய்வுப் பயணத்தின் விளைவாக ஆங்கிலக் கல்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. தாய்மொழிக் கல்வி முதன்மை பெற்றது. வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர் தம் மக்களிடமிருந்து அந்நியராகிவிடுவர் என்பதே இக்கொள்கையின் அடிப்படை. பின்னாளில் இது தளர்ந்தது; 1881இல் பசுமலையில் கல்லூரி தோன்றியமை அத்தளர்வைக் காட்டும்.

மலைப்பள்ளியின் தோற்றம்

சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சிய மதுரை மறைப்பணியாளர் 1845 முதல் கொடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். தம் பிள்ளைகளைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுப் பல ஆண்டுகள் பிரிந்திருப்பது அவர்களுக்குப் பெருந்துயராக இருந்தது. அத்துயரைக் குறைக்கவே மலைப்பள்ளி எழுந்தது. முதல் தலைமையாசிரியராக மார்கரெட் எட்டி பொறுப்பேற்றார். தொடக்கத்தில் பயின்றோர் 13 பேரே. கோடைக் காலத்தில் பெற்றோர் மலையேறிப் பிள்ளைகளோடு தங்கினர். குளிர்கால நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் சமவெளிக்கு இறங்கினர்.

மோட்டார்ச் சாலை அமைவதற்கு முன்னர் இக்குடும்பங்களை டோலியிலும் நாற்காலியிலும் சுமந்து மலையேற்றியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். பிள்ளைகளை வளர்த்த ஆயாக்களும் உணவு சமைத்தவர்களும் தமிழர்களே. எனினும் வகுப்பறையில் அமெரிக்கப் பாடத்திட்டமே ஆட்சி செய்தது. பிள்ளைகள் நாளை அமெரிக்கா திரும்ப வேண்டியவர்கள் என்பதே இதற்குக் காரணம். தம் மக்களிடமிருந்து அந்நியராகக் கூடாது என்னும் அதே கருத்து இங்கே ஆங்கிலக் கல்வியாக வடிவெடுத்ததை நாம் காண்கிறோம். ஒரே கருத்து இருவேறு பிள்ளைக் கூட்டங்களை இருவேறு பாதைகளில் நிறுத்திற்று.

பன்னாட்டுப் பள்ளியாதல்

இந்திய விடுதலைக்குப் பின்னர் இந்நிலை நீடிக்க இயலவில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. திருச்சபைப் பொறுப்புகள் படிப்படியாக இந்தியர் கைக்கு மாறின. அமெரிக்க மறைப்பணியாளர் எண்ணிக்கை குறையவே, அவர்தம் பிள்ளைகளை மட்டும் நம்பிய பள்ளிக்கு எதிர்காலம் இல்லாமற் போயிற்று. 1970களில் அது இந்திய மாணவருக்கும் பிறநாட்டு மாணவருக்கும் உரிய பள்ளியாகத் தன்னை மாற்றிக்கொண்டது. 1976இல் ஐ.பி. எனப்படும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக ஏற்றதும் இப்பள்ளியே. எனவே, பன்னாட்டுத் தன்மை இப்பள்ளியின் தொடக்க இலட்சியமன்று; காலத்தின் நெருக்கடி ஈன்ற பயன் எனலாம்.

முடிவுரை

ஐ.பி. பட்டயப் படிப்பில் ஒவ்வொரு மாணவரும் தாம் நன்கறிந்த மொழியின் இலக்கியத்தையும் இன்னொரு மொழியையும் கற்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிள்ளைகளைப் பிரித்து வைத்த தாய்மொழிக் கருத்து, இங்கே அவர்களை ஒரே பள்ளியில் அமர்த்தும் விதியாக மாறியுள்ளது. ஆயினும் விதி இடம் தருவதனாலேயே ஒரு மொழி வகுப்பறையில் நிலைபெற்றுவிடாது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியரும், தக்க நூல்களும், விரும்பிக் கற்கும் மாணவரும் வேண்டும். பள்ளிக்கு வெளியே ஊர் முழுதும் ஒலிக்கும் மொழியாயினும், ஆசிரியர் இல்லையெனில் அது பள்ளிக்குள் பணியாளர் மொழியாகவே நின்றுவிடும் என்பதை ஹைக்ளெர்க் பள்ளியின் தொடக்க காலம் நமக்கு உணர்த்துகிறது.