அயர்லாந்தைத் தேடி வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தது ஏன்?

வெளிநாட்டு நிறுவனங்கள் அயர்லாந்தில் ஏன் முதலீடு செய்தன என்று கேட்டால், நம் மாணவர்கள் பலர் "வரி குறைவு, சார்" என்று இரண்டே சொல்லில் முடிச்சிடுறாங்க. பதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றால் மதிப்பெண்ணும் பாதியில் நின்றுவிடும். ஏற்றுமதி இலாபத்துக்கான வரிச்சலுகை 1956-லேயே வந்தாச்சு. இன்டெல் அங்கே ஆலை அமைக்க முடிவெடுத்தது 1989-ல். நடுவில் முப்பது வருஷம் இருக்கே, அதற்கு என்ன காரணம் சொல்வது?

முதலில் பழைய நிலைமையைப் பார்ப்போம். 1932-ல் அயர்லாந்து ஒரு சட்டம் போட்டது. புதிதாகத் தொழில் தொடங்கும் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு உள்நாட்டவரிடம்தான் இருக்கணும். இறக்குமதிக்கும் கடுமையான தீர்வை. சொந்தத் தொழில்களை வளர்ப்பதே நோக்கம். சந்தையோ மிகச் சிறியது, ஆலைகள் வளரவில்லை. 1950-களில் சுமார் 4 லட்சம் பேர் பிழைப்பு தேடி நாட்டைவிட்டுப் போனார்கள். 1961-ல் மக்கள்தொகை 28 லட்சம்தான். நாடே காலியாகிவிடுமோ என்ற பயம் அரசுக்கு உண்மையாகவே இருந்தது.

1958-ல் நிதியமைச்சின் செயலாளர் விட்டேக்கர் ஓர் அறிக்கை தந்தார். பாதுகாப்புச் சுவருக்குப் பின்னால் ஒளிந்தது போதும், வெளி மூலதனத்தை வரவேற்போம் என்பது அதன் சாரம். அதைச் செயல்படுத்தியவர் 1959-ல் பிரதமரான ஷான் லெமாஸ். வேடிக்கை என்னன்னா, 1932-ல் அந்தத் தடைச் சட்டம் வந்தபோது தொழில் வர்த்தக அமைச்சராக இருந்தவரும் இவரேதான்! அதே ஆண்டு ஷானன் விமான நிலையத்தை ஒட்டி வரிச்சலுகை மண்டலம் ஒன்றும் உருவானது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கேதான் இறங்கும். தொலைதூர ஜெட் விமானங்கள் வந்ததும் அந்தத் தொழில் ஆட்டம் கண்டது, மாற்றுவழி தேவைப்பட்டது.

ஆனாலும் பெரிய திருப்பம் 1973 என்றே நான் சொல்வேன். அந்த ஆண்டு ஜனவரி 1-ல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் இடத்தில் நின்று யோசிங்க. அமெரிக்காவில் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால் தீர்வை கட்டணும். அயர்லாந்தில் செய்தால் ஜெர்மனி, பிரான்ஸ் வரைக்கும் தீர்வை கிடையாது. பேச்சுமொழியும் ஆங்கிலம். சில லட்சம் பேர் வாங்குவதற்காக யாரும் அங்கே ஆலை கட்டவில்லை. அயர்லாந்து அவர்களுக்கு ஒரு வாசல். 1980-ல் ஆப்பிள் கார்க் நகரில் ஆலை திறந்தது இந்தக் கணக்கில்தான்.

அடுத்தது ஆள்பலம். 1967-ல் இடைநிலைக் கல்வி இலவசமானது. 1970 முதல் வட்டாரத் தொழில்நுட்பக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இதன் பலன் உடனே தெரியாது. பிள்ளைகள் படித்து முடிச்சு வர வேண்டாமா? இன்டெல் இடம் தேடியபோது, அனுபவமுள்ள பொறியாளர்கள் கிடைப்பார்களா என்ற சந்தேகம் அதற்கு இருந்தது. தொழில் வளர்ச்சி ஆணையம் அமெரிக்காவில் வேலை செய்த ஐரிஷ் பொறியாளர்களைத் தேடிப் பிடித்து, வேலை இருந்தால் ஊர் திரும்புவீர்களா என்று கேட்டது. திரும்பத் தயார் என்று பலர் சொன்னார்கள். டப்ளினுக்கு அருகே லெய்க்ஸ்லிப்பில் ஆலை எழுந்தது.

வரியை ஒதுக்கிவிட வேண்டாம். 1981-ல் உற்பத்தித் தொழிலுக்கு 10 விழுக்காடு, 2003-ல் பொதுவாக 12.5 விழுக்காடு என்று அது தொடர்ந்து குறைவாகவே இருந்தது. ஆட்சி மாறினாலும் கொள்கை மாறவில்லை என்பதும் நிறுவனங்களுக்குப் பெரிய விஷயம்.

"எந்த அளவுக்கு" என்று தொடங்கும் கேள்விக்கு மறுபக்கமும் எழுதணும். அதற்கு டெல் நல்ல எடுத்துக்காட்டு. 2009-ல் அந்த நிறுவனம் லிமெரிக் நகரில் 1,900 வேலைகளை நீக்கி, உற்பத்தியைப் போலந்துக்குக் கொண்டுபோனது. அயர்லாந்தின் வரி அப்போதும் 12.5 விழுக்காடுதான், போலந்தின் வரி அதைவிட அதிகம். அப்படியென்றால் டெல் ஏன் கிளம்பியது? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுப் பாருங்க. போலந்து 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது என்பதை மட்டும் குறிப்பாகக் கொடுத்தால் போதும்.